ஏப்ரல் 6-ஐ விசுவாசத்தின் அளவுகோல் ஆக்காதீர்கள்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் தலைமைக்கும், ஞாயிறு பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் சகோதர சகோதரிகளுக்கும்,

"இயேசு பிறந்த தேதி பற்றி நம் சபைத் தலைவர்களுக்குள் ஒரே கருத்து இருந்ததில்லை." வகுப்பில் நான் சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான். ஐந்து வாரம் கழித்து ஆசிரியை அழைப்பிலிருந்து, அதாவது சபை கொடுத்த அந்தப் பொறுப்பிலிருந்து, என்னை விடுவித்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் ஒரு வார்டில், அதாவது எங்கள் சபையின் ஒரு உள்ளூர்க் கிளையில், ஏழு வருடமாகப் பெரியவர்களுக்கு ஞாயிறு பள்ளி நடத்தியவள் நான். எந்த வார்டு, யார் ஆயர் என்று இங்கே சொல்லப் போவதில்லை. என் கணவர் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது பதினோரு நாள் வீடு தேடி வந்து சாப்பாடு கொடுத்தவர்கள் அவர்கள். குறை அவர்களுடைய மனதில் இல்லை. அவர்கள் கையில் நீங்கள் கொடுத்திருக்கும் பாடநூலில் இருக்கிறது. அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், இதே பாடநூலைத் தமிழிலும் நீங்கள் வெளியிடுகிறீர்கள். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் அதை வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள் நாளைக்கு நான் நின்ற இடத்தில் நிற்கக் கூடாது.

சபைக்கு வெளியே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகம் எங்களை மார்மன்கள் என்று அழைக்கிறது. சபையின் முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018-ல் அப்போது எங்கள் தலைவராக இருந்த ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். நான் அப்படியே சொல்கிறேன். எங்கள் சபையில் அப்போஸ்தலர்கள் என்றால் இன்றும் பணியில் இருக்கும் மூத்த தலைவர்கள். டிசம்பர் 25-ல் எல்லோரையும் போல நாங்களும் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறோம். ஆனால் எங்களில் மிகப் பலர், இயேசு உண்மையில் பிறந்தது கிமு 1 ஏப்ரல் 6 என்று நம்புகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஃபயெட் என்ற ஊரில், விட்மர் குடும்பத்தின் பண்ணை வீட்டில், 1830-ல் எங்கள் சபை தொடங்கிய நாளும் அதுதான்.

சரி, வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

2025-ல் நாம் படித்தது கோட்பாடும் உடன்படிக்கைகளும், நம் சபையின் வெளிப்படுத்தல்கள் அடங்கிய வேதநூல். 20-ஆம் பாகம் வந்த ஞாயிறு அன்று முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஒரு பெரியவர் முதல் வசனத்தை வாசித்தார். கிறிஸ்து மாம்சத்தில் வந்து 1830 வருடம் ஆன நிலையில், ஏப்ரல் என்னும் நான்காம் மாதத்தின் ஆறாம் நாளில் சபை அமைக்கப்பட்டது என்று சொல்லும் வசனம். வாசித்து முடித்ததும், "அப்படியானால் கர்த்தர் பிறந்ததும் அன்றைக்குத்தானே" என்றார் ஒரு சகோதரி. பலர் தலையசைத்தார்கள். பின்வரிசையில் ஒருவர் கை தூக்கினார். முந்தின இலையுதிர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், தச்சுவேலை செய்பவர். "ஏரோது ராஜா கிமு 4-லேயே இறந்துவிட்டதாகப் படித்திருக்கிறேன். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் அவன் உயிரோடு இருக்கிறானே. கிமு 1-ல் இயேசு பிறந்தார் என்றால் எப்படி?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் பாகத்தின் தலைப்புக் குறிப்பை வாசிக்கச் சொன்னேன். அப்புறம், மேலே எழுதிய அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஒரு அப்போஸ்தலர் வெளிப்படுத்தலால் அறிவோம் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் அதை மறுக்கிறீர்களா?" அறை அமைதியாகிவிட்டது. அந்தத் தச்சர் கைபேசியில் திறந்து வைத்திருந்த வேதத்தை மூடி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் வந்தார், ஒன்றும் பேசவில்லை. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவரைக் காணோம்.

ஆயர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நான் சொன்னது தப்பு என்று அவர் சொல்லவே இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: "அது பாடநூலில் இல்லையே, சகோதரி." விடுவிப்பு அறிவிக்கப்பட்ட ஞாயிறு அன்று, என் சேவைக்கு நன்றி தெரிவிக்க விரும்புகிறவர்கள் கை உயர்த்தலாம் என்று வழக்கம்போலச் சொன்னார்கள். எல்லோரும் உயர்த்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பதினான்கு வயது மகன் மட்டும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான்.

பாடநூலில் ஏன் இல்லை? தெரியாததாலா? தெரியும். உங்கள் ஆவணக் காப்பகத்தில் இருப்பவர்களுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நான் படித்ததெல்லாம் அவர்கள் பதிப்பித்ததும், சபையின் சொந்தப் பல்கலைக்கழகம் வெளியிட்டதும்தான். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், நாம் எல்லோரும் கையில் வைத்திருக்கும் வேதத்தின் தலைப்புக் குறிப்பு. "துல்லியமான நாள்" தமக்குச் சுட்டிக்காட்டப்பட்டதாக, சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் சொன்னது அங்கே அச்சாகியிருக்கிறது. எதற்கான நாள்? சபையை அமைப்பதற்கான நாள். பெத்லகேமில் பிள்ளை பிறந்த நாள் என்று அவர் அங்கே சொல்லவில்லை. இதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தால் போதும்.

அடுத்தது, 2009-ல் ஜோசப் ஸ்மித் ஆவணத் திட்டத்தில் நீங்களே வெளியிட்ட கையெழுத்து வெளிப்படுத்தல் ஏடு. சபையின் ஆரம்பகால எழுத்தரும் வரலாற்றாளருமான ஜான் விட்மர் படியெடுத்தது. அந்த ஏட்டைப் பார்த்த பிறகு நம் வரலாற்றாளர்கள் எடுத்துச் சொன்னார்கள்: முதல் வசனமாக நாம் வாசிப்பது, வெளிப்படுத்தலுக்கு முன்னால் விட்மர் எழுதிய முன்னுரை. பல வெளிப்படுத்தல்களுக்கு அவர் அப்படித் தலைக்குறிப்பு எழுதியிருக்கிறார். அதோடு, அந்த ஏட்டில் இந்த வெளிப்படுத்தலுக்கு இருக்கும் தேதி ஏப்ரல் 10, சபை அமைந்து நான்கு நாள் கழித்து. அச்சுக்குப் போனபோது முன்னுரையும் வசனங்களோடு சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

விட்மர் அந்தச் சொற்றொடரை என்ன பொருளில் எழுதினார் என்பதற்கும் சான்று இருக்கிறது. அவர் எழுதிய சபை வரலாற்றில் ஓரிடத்தில், இன்று ஜூன் 12, நம் கர்த்தர் மாம்சத்தில் வந்து 1831 வருடம் ஆகிறது என்று குறித்திருக்கிறார். அதை வைத்து இயேசு ஜூன் 12-ல் பிறந்தார் என்று யாராவது சொல்வோமா? அது கி.பி. 1831 என்று எழுதும் அவருடைய பாணி. கோயில் கல்வெட்டில் சகாப்த ஆண்டை நீட்டி எழுதுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது உடனே புரிந்தது. 21-ஆம் பாகத்தில் இதே நாளைக் குறிக்கும்போது "கர்த்தரின் ஆண்டு 1830" என்று நேரடியாகவே வருகிறது. கி.பி. கணக்கோ, 525-ஐ ஒட்டி டயோனீசியஸ் என்ற துறவி போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் சில வருடம் பிசகு உண்டு என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம்.

கிமு 1 என்பது எங்கிருந்து வந்தது? 1915-ல் அப்போஸ்தலர் ஜேம்ஸ் டால்மேஜ் எழுதிய 'இயேசுவே கிறிஸ்து' நூலிலிருந்துதான் அது பரவலாகப் போய்ச் சேர்ந்தது. 1830 ஏப்ரல் 6-லிருந்து முழுசாக 1830 வருடம் பின்னோக்கிப் போனால், பூஜ்ஜிய ஆண்டு இல்லாததால் கிமு 1 ஏப்ரல் 6-ல் போய் நிற்கும். 20-ஆம் பாகத்தின் அந்த வரியைத்தான் அவர் ஆதாரமாகக் கொண்டார். அந்தப் பெரிய மனிதரை நான் குறை சொல்லவில்லை. சால்ட் லேக் ஆலயத்துக்குள் உட்கார்ந்து அவர் எழுதிய அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் நான் இந்தச் சபைக்கே வந்தேன். விட்மரின் ஏடு அவர் காலத்தில் அச்சாகவில்லை. நம் காலத்தில் அச்சாகியிருக்கிறது.

அவருக்குப் பின் வந்த தலைவர்களும் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. தலைமையில் ஆலோசகராக இருந்த ஜே. ரூபன் கிளார்க், 1954-ல் வெளியான தன் சுவிசேஷ நூலில், எந்தத் தேதியையும் உண்மையான தேதி என்று நான் முன்வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அறிஞர்கள் பலர் ஏற்கும் கிமு 5 கடைசி அல்லது கிமு 4 தொடக்கம் என்பதை வைத்துக்கொண்டார். 1973 ஏப்ரலில் நடந்த சபையின் பொது மாநாட்டில் தலைவர் ஹெரால்ட் லீ, ஏப்ரல் 6 இரட்சகர் பிறந்த நாளும்தான் என்றார். 1979-ல் அப்போஸ்தலர் புரூஸ் மெக்கான்கி, சபைக்கு உள்ளேயும் வெளியேயும் இன்று தெரிந்திருப்பதை வைத்து அந்த நாளை முடிவாகச் சொல்ல முடியும் என்று நாங்கள் நம்பவில்லை என்று எழுதினார். 2014-ல், ஏப்ரல் 6-ஆம் தேதியே நடந்த மாநாட்டுக் கூட்டத்தில், அப்போஸ்தலர் டேவிட் பெட்னார் இதுவே சரியான, துல்லியமான நாள் என்று வெளிப்படுத்தலால் அறிவோம் என்றார். இந்த நால்வரையும் நான் மதிக்கிறேன். நால்வரும் ஒன்றையே சொன்னார்கள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அது பொய்.

இன்னொன்றும் உண்டு. சபை வரலாற்றில் 1833 ஏப்ரல் 6-ஆம் தேதிக் குறிப்பை நீங்கள் படித்திருப்பீர்கள். மிசூரியில் பிக் புளூ ஆற்றுத் துறையில் சுமார் 80 ஊழியக்காரர்கள் கூடிய நாள். இலையும் பூவும் விட்ட வசந்த காலம் என்று வர்ணித்துவிட்டு, இரட்சகர் நமக்காக உயிர் விட்டு அன்றோடு 1800 வருடம் நிறைந்தது என்று எழுதியிருக்கிறது. உயிர் விட்டு! பிறந்ததைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. முதல் தலைமுறைப் பரிசுத்தவான்கள் அந்த நாளில் சிலுவையை நினைத்திருக்கிறார்கள். இதையும் சேர்த்துப் படித்தால் தானே ஒரு முழு உருவம் கிடைக்கும்?

அந்தத் தச்சர் கேட்ட கேள்வி நியாயமானது. ஏரோது சாவதற்குச் சற்று முன் ஒரு சந்திர கிரகணம் வந்ததையும், அவன் செத்த பின் பஸ்கா பண்டிகை வந்ததையும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிவைத்திருக்கிறார். கிமு 4 மார்ச் 13-ல் அப்படி ஒரு கிரகணம் வந்தது. அவன் மகன்கள் ஆண்ட வருடங்களைக் கூட்டிக் கழித்தாலும் கிமு 4-க்குத்தான் போகிறது. ஏரோதின் சாவைப் பின்னால் தள்ளி வாதிடுகிற சிலர் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான அறிஞர்கள் கிமு 4-ல்தான் நிற்கிறார்கள். நம் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி சாட்விக், நம் இன்னொரு வேதமான மார்மன் புஸ்தகத்தின் ஆண்டுக் கணக்கையும் சேர்த்து ஆராய்ந்து, 2010-ல் கிமு 5 டிசம்பர் என்ற முடிவுக்கு வந்தார். அதே பல்கலைக்கழகத்தின் லிங்கன் புளூமெலும் தாமஸ் வேமெண்ட்டும் 2012-ல், அவ்வளவு துல்லியமாகச் சொல்ல இடமில்லை என்று பதில் எழுதினார்கள். மூவரும் ஏப்ரல் 6-ல் வந்து நிற்கவில்லை. அதற்காக அவர்களுடைய விசுவாசத்தை யாரும் சந்தேகித்ததாக நான் கேள்விப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கேட்டால் அது ஆராய்ச்சி. ஞாயிறு பள்ளியின் பின்வரிசையில் தச்சர் கேட்டால் அது அவிசுவாசம். இந்த வித்தியாசத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மார்மன் புஸ்தகத்தையே எடுத்துக்கொள்வோம். அது சொல்லும் பழங்கால அமெரிக்க மக்களில் நேபியர், லாமானியர் என்று இரு கூட்டத்தார் உண்டு. இயேசுவின் பிறப்புக்கு அடையாளமாக லாமானியனாகிய சாமுவேல் என்ற தீர்க்கதரிசி முன்னறிவித்தபடி, ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி ஒரு பகல் முழுக்க இருள் இல்லாமல் இருந்ததை 3 நேபி முதல் அதிகாரம் சொல்கிறது. அந்த அடையாளம் வந்த நாளிலிருந்து நேபியர் தங்கள் வருடத்தை எண்ணத் தொடங்கினார்கள். நான் அதை முழு மனதோடு நம்புகிறேன். அவர்களுடைய முதல் மாதம் நம் காலண்டரில் எந்த மாதம் என்று மட்டும் அந்தப் புஸ்தகம் எங்கும் சொல்லவில்லை. கர்த்தர் சொல்லாமல் விட்டதை நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் அம்மா கோயம்புத்தூரில் சிஎஸ்ஐ சபையைச் சேர்ந்தவர். டிசம்பர் பிறந்ததும் வாசலில் நட்சத்திரம் கட்டிவிடுவார். நான் இந்தச் சபைக்கு வந்த புதிதில் போனில் கேட்டார்: "ஏம்மா, உங்க சபையில கிறிஸ்துமஸ் ஏப்ரல்லயாமே?" இல்லைம்மா, நாங்களும் டிசம்பர்லதான் கொண்டாடுறோம், ஆனா உண்மையில பிறந்தது ஏப்ரல் 6, அது எங்களுக்கு வெளிப்படுத்தப்பட்டிருக்கு என்று அன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிம்மா, என்னைக்கா இருந்தா என்ன, பிறந்தாரே" என்றார். அந்தப் பதிலை நான் அப்போது தாழ்வாக நினைத்தேன். டிசம்பர் 25-க்கு ரோமாபுரியில் 354-ஆம் ஆண்டு வாக்கில் தொகுத்த ஒரு நாட்காட்டிதான் நமக்குக் கிடைக்கும் பழைய உறுதியான சான்று. அதற்கு ஏறக்குறைய 150 வருடம் முன்பே அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து என்ற கிறிஸ்தவ அறிஞர், இந்தத் தேதி அந்தத் தேதி என்று ஆளுக்கொன்று சொல்வதைக் குறித்திருக்கிறார். அதில் ஏப்ரல் மாதத்துக்கு ஒத்து வரும் தேதிகளும் உண்டு. ஆதிச் சபைக்கே தெரிந்திருக்கவில்லை. அம்மாவிடம் நான் அன்று அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். என் வகுப்பில் உட்கார்ந்து நான் ஆரம்ப வருடங்களில் இதே தேதியை உறுதியாகப் போதித்ததைக் கேட்டவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 6-ஐ நான் வெறுக்கவில்லை. சால்ட் லேக் ஆலயத்துக்கு 1853-ல் மூலைக்கல் வைத்தது அந்த நாளில். 1892-ல் உச்சிக்கல் ஏற்றியதும், 1893-ல் பிரதிஷ்டை செய்ததும் அதே நாளில். அந்த நாற்பது வருட உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும். அந்த நாள் வந்தால் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஜன்னலோரம் சிறிய மரக்குடில் ஒன்றை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும். ஏற்றட்டும். நானும் போய்ப் பார்த்து அவர்களோடு பாடியிருக்கிறேன். ஒரு குடும்பத்தின் பக்தியை ஒரு வார்டின் பரீட்சையாக மாற்றுவதைத்தான் எதிர்க்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். 20-ஆம் பாகத்துக்கான பாடத்தில் அரைப் பக்கம் போதும். முதல் வசனம் பற்றி விட்மரின் ஏடு காட்டுவது என்ன, தலைவர்கள் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள், கிளார்க்கும் மெக்கான்கியும் எழுதியது உட்பட, அதை உள்ளபடி எழுதுங்கள். நான்காண்டுச் சுழற்சிப்படி 2027-ல் மறுபடி புதிய ஏற்பாடு வருகிறது. மத்தேயு 2, லூக்கா 2 பாடங்களில், இயேசு பிறந்த நாளும் ஆண்டும் உறுதியாகத் தெரியாது என்ற ஒரு வரியையாவது சேருங்கள். ஆங்கிலத்தில் சேர்த்துவிட்டுத் தமிழ்ப் பதிப்பைப் பிற்பாடு பார்க்கலாம் என்று விட வேண்டாம், இரண்டிலும் ஒரே நேரத்தில் வரட்டும்.

இந்தத் தேதியை ஏற்பதோ ஏற்காததோ ஒருவருடைய விசுவாசச் சாட்சிக்கு அடையாளம் இல்லை, அதை வைத்து யாருக்கும் அழைப்பு கொடுக்கவோ எடுக்கவோ கூடாது என்று வார்டுத் தலைவர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அது கீழே வந்து சேராது. மாநாட்டு மேடையில் இந்தத் தேதியைக் குறிப்பிட நேர்ந்தால், நம்மில் பலர் நம்புகிறார்கள் என்று சொல்லுங்கள். அறிவோம் என்று சொல்வதாக இருந்தால், எந்த வெளிப்படுத்தலால் என்று பாகமும் வசனமும் காட்டுங்கள்.

என் அழைப்பைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. வேறொரு சகோதரி இப்போது அந்த வகுப்பை நடத்துகிறார், நன்றாகவே நடத்துகிறார். அந்தத் தச்சரை மட்டும் போன மாதம் மரக்கடையில் பார்த்தேன். பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்துக்கொண்டிருந்தார். நலம் விசாரித்தேன். "நான் கேட்டது தப்பா, சகோதரி?" என்று கேட்டார். தப்பில்லை என்று சொன்னேன். நான் சொன்னால் அவருக்குப் போதாது. அந்தக் கேள்வி தப்பில்லை என்று உங்கள் பாடநூலில் எழுதுங்கள். அச்சானதும் அந்தப் பக்கத்தை நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
ஏழு வருடம் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்தவள்